பன்னிரண்டு வலது கால்கள்

ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதைச் சுற்றிலும் வாழும் சகல விசுவாசிகளுக்கும், அரைகுறை விசுவாசிகளுக்கும், பிரசங்கம் முடிந்ததா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வருகிறவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வரும் பெரிய வியாழன் மாலைப் பூசையில், ஆண்டவர் தம் சீடருக்குச் செய்தது போலப் பங்குச் சாமியார் பாதம் கழுவவிருக்கும் பன்னிரண்டு பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்கள். முதல் நாற்காலி, அதாவது சீடர்களில் முதல்வரான ராயப்பரின் நாற்காலி, கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் போலவே திரு. ஹெர்பர்ட் அவர்களுக்கு. பன்னிருவரும் வெள்ளைச் சட்டை அணிந்து வர வேண்டும். வலது கால் மட்டுமே கழுவப்படும்.

அறிவிப்பு வெளியானது ஜனவரி பத்தாம் தேதி. பெரிய வியாழன் வருவது ஏப்ரலில். மூன்று மாதம் முன்கூட்டியே இப்படி அறிவிக்க என்ன அவசரம் என்று கேட்கக்கூடியவர்கள் ஹெர்பர்ட்டிடம் வேலை பார்த்திராதவர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சூப்பரின்டெண்டென்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். முப்பத்தாறு வருடம் சர்க்குலர் அனுப்பிப் பழகிய கை, ஓய்வுபெற்றபின், வெகுநாளாக வகித்துவந்த பங்குப் பேரவைச் செயலர் பதவியிலேயே முழுநேரப் புகலிடம் தேடிக்கொண்டது. பட்டியலைத் தயாரித்தவர் அவர், அதில் முதல் பெயராக இருந்தவர் அவர், அதை அங்கீகரித்துக் கையெழுத்திட்டவரும் அவர்.

அறிக்கைப் பலகை உயரத்தில் இருந்தது. கோயில் நாற்காலியில் ஷூவோடு ஏறக்கூடாது என்பது அவரே போட்ட விதி. ஆகவே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். நான்கு மூலையிலும் குண்டூசி குத்தும்போது கையிலிருந்த டப்பா சரிந்து சில ஊசிகள் கீழே கொட்டின. பொறுக்கினார். ஒன்று வலது ஷூவுக்குள் இருந்தது. அதை மட்டும் பொறுக்கவில்லை.

அந்த ஊசியோடு அவர் மூன்று நாள் நடந்தார். பூசைக்குப் போனார், பாட்டரி டவுன் வரை போய் மின்சாரக் கட்டணம் கட்டினார், ஐயங்கார் பேக்கரியில் யாருக்கும் தெரியாமல் தேங்காய் இனிப்பு வைத்த தில்பசந்த் ஒரு துண்டு சாப்பிட்டார். பத்தொன்பது வருடச் சர்க்கரை அவர் பாதங்களில் இருந்த உணர்ச்சியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய் நாளாகியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கண்டுபிடித்தது அவருடைய மனைவி டோரீன். காக்ஸ் டவுனில் ஒரு நர்சரிப் பள்ளியில் யூகேஜிக்குப் பாடம் எடுக்கிறவள். பள்ளி விட்டு வந்து பார்த்தபோது மொசைக் தரையில் சமையலறையிலிருந்து ஹாலுக்கு, பொத்தானளவு பழுப்புக் கறைகள் ஓரடி இடைவெளி விட்டுப் போய்க்கொண்டிருந்தன. புளித்தண்ணீர் சிந்திவிட்டது என்று நினைத்துத் துணியை எடுத்துக்கொண்டு துடைத்தபடியே போனாள். கடைசிக் கறை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரின் காலடியில் போய் முடிந்தது.

அன்றிலிருந்து டோரீனின் நாள் பாதத்தில் தொடங்கிப் பாதத்தில் முடிந்தது. காலை ஐந்தரைக்குப் பழைய பேப்பரைத் தரையில் விரிப்பாள். ஸ்டூலில் அவர் காலை நீட்டுவார். இவள் மண்டியிட்டு உட்கார்ந்து, பழைய கட்டைப் பிரித்து, செலைன் ஊற்றிக் கழுவி, மொபைல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெருவிரலுக்கு அடியில் குழியைப் பார்ப்பாள். குழி சிவப்பாக இருந்தால் நல்லது. மஞ்சளாக இருந்தால் அன்று பள்ளியில் குழந்தைகள் என்ன எழுதினாலும் சரி என்று போட்டுவிடுவாள். பிறகு காஸ் துணி, பஞ்சு, சுற்றுத்துணி. குளிக்கப் போகும்போது பிரெட் வந்த பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்ட். மாலையில் மறுபடியும் அதே. இவ்வளவும் நடக்கும்போது ஹெர்பர்ட் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள இலக்கணப் பிழைகளை அவளுக்குப் படித்துக் காட்டுவார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு மருந்தோடு வந்தார்கள். மேல்வீட்டு ஜோசபின் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துச் சின்ன டப்பாவில் கொண்டுவந்தாள். அங்கே சாம்பியன் ரீஃப்பில் அவளுடைய பெரியப்பாவுக்கு இதே மாதிரிப் புண், இதைத்தான் போட்டார்கள், ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டது என்றாள். பெரியப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று டோரீன் கேட்டாள்.

"அவரு அப்பவே போய்ட்டாருக்கா. ஆனா புண்ணு காஞ்சிடுச்சி."

தேன், கற்றாழை, வாழை மட்டைச் சாறு, பம்பாயிலிருந்து வரும் ஒரு பவுடர். ஒவ்வொன்றுக்கும் குணமானவர் ஒருவர் இருந்தார். குணமானவர்களில் உயிரோடு இருப்பவரைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. டோரீன் எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கி, சிங்க்குக்கு அடியில் வரிசையாக வைத்தாள். புண் ஆறவில்லை. ஆறாததற்குக் காரணம் எளிது. காலையில் அவள் கட்டிவிட்ட காலோடு ஹெர்பர்ட் நாள் முழுக்கப் பங்கு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார்.

மார்ச் மாதம் டோரீன் லீவு போட்டு, அவரை அடுகோடிப் பக்கம் ஒரு கால் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பார்ப்பதற்கு முன் நர்ஸ் சௌம்யா பார்த்தாள். மண்டியாவிலிருந்து வந்த பெண். தமிழை நோயாளிகளிடமிருந்தே கற்றவள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அங்கிள், பாதத்தில் தொடும்போதெல்லாம் "எஸ்" சொல்லுங்கள் என்றாள்.

ஹெர்பர்ட் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சீரான இடைவெளி விட்டு, கம்பீரமாகப் பத்து முறை "எஸ்" சொன்னார்.

சௌம்யா டோரீனைப் பார்த்தாள். இழை அவள் கையிலேயே இருந்தது. ஒரு தடவைகூட அவள் தொட்டிருக்கவில்லை.

டாக்டர் புண்ணைச் சுற்றித் தடித்திருந்த தோலைச் சீவி எடுத்தார். குழிக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். எலும்பைத் தொடவில்லை, அதிர்ஷ்டம் என்றார். மருந்தைவிட முக்கியம் புண்ணின் மேல் எடை விழாமல் இருப்பது என்று சொல்லி, முழங்காலுக்குக் கீழே வரை பிளாஸ்டர் கட்டச் சொன்னார். ஆறு வாரம். வாரத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்துப் புதிதாகக் கட்டுவார்கள். வெளியே போனால் வீல்சேர். கட்டி முடித்து, சௌம்யா அவர் முன்னால் நின்று விரலை ஆட்டிச் சொன்னாள்.

"அங்கிள், நீங்க பிளாஸ்டரை எடுத்து ஒரு நாள் நடந்தா, ஆறு வாரமும் வேஸ்ட். எலும்புக்குப் போச்சுன்னா அப்புறம் விரல் இல்லே, காலே போகும். அர்த்த ஆய்த்தா?"

அர்த்தமாயிற்று என்று ஹெர்பர்ட் சொன்னார். மினிட்ஸில் பதிவு செய்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினார்.

ஆச்சரியம் என்னவென்றால், பிளாஸ்டர் வேலை செய்தது. மூன்றாம் வாரம் பிரித்தபோது பொத்தானளவு இருந்த புண் உளுந்தளவாகியிருந்தது. டோரீன் குனிந்து பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.  அன்று ராகிக் களிக்குக் கீரைக்குப் பதில் மீன் குழம்பு வைத்தாள். சிங்க்குக்கு அடியிலிருந்த டப்பாக்களையெல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

ஆறு வாரத்தில் நான்கு வாரம் முடியும்போதுதான் பெரிய வியாழன் குறுக்கே வந்தது.

அதற்கு முந்தின ஞாயிறு பங்குப் பேரவை கூடியது. டோரீன் அவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டுவிட்டு, வராந்தாவில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உள்ளே ஃபாதர் டிரேவர் பேச்சைத் தொடங்கினார். முப்பத்தைந்து வயது, வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, செயலரைக் கண்டால் அவருக்கு உள்ளூர நடுக்கம். அங்கிளுக்கு இந்த வருடம் இடது காலைக் கழுவிவிடலாமே என்று மெதுவாகச் சொன்னார்.

கிளெமென்ட் தொண்டையைச் செருமினார். அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்டவர். பன்னிரண்டு பேரில் யாராவது வராவிட்டால் உட்கார வேண்டிய உபரி ஆள். 2011இல் அவரும் பன்னிருவரில் ஒருவராகத்தான் இருந்தார். அந்த வருடம் வலது பாதத்தில் இரும்புத் துண்டு விழுந்து வீங்கியதால் இடது காலை நீட்ட அனுமதி கேட்டார். 'ஒழுங்கு கருதி வலது கால் மட்டுமே' என்று தீர்மானம் எழுதி அவரை உபரியாக்கியவர் ஹெர்பர்ட். பதினான்கு வருடமாக ஒவ்வொரு பெரிய வியாழனும் கிளெமென்ட் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாருக்காவது காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பழைய மினிட்ஸ் நோட்டைத் திறந்து, அந்தத் தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். யாரோ சிரித்தார்கள். கிளெமென்ட்டும் சிரித்தார். பதினான்கு வருடக் கணக்கு அந்த ஒரு சிரிப்பில் தீர்ந்துவிட்ட மாதிரி நோட்டை மூடினார்.

"விடு மேன் ஹெர்பர்ட்," என்றார். "லெஃப்டை நீட்டு. யாருக்கு இன்னா?"

வராந்தாவில் டோரீன் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள். கிளெமென்ட் சண்டை போட்டிருந்தால் ஹெர்பர்ட் அந்த இடது காலை வாங்கியே தீர்த்திருப்பார். கிளெமென்ட் விட்டுக்கொடுத்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"ஒரு ஆளுக்காக ரூலை மாத்தினா அப்புறம் ரூல்னு ஒண்ணு எதுக்கு, ஃபாதர்?" என்றார். "வலது கால்தான். என்னாலே முடியாது. நாற்காலி கிளெமென்ட்டுக்கு."

எல்லோரும் கிளெமென்ட்டைப் பார்த்தார்கள். பிறகு கைதட்டல். ஃபாதர் டிரேவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இதுவல்லவா தாழ்ச்சி, ஆண்டவர் காட்டிய பணிவு என்றார். தாழ்ச்சி என்ற அந்த வார்த்தை ஹெர்பர்ட்டின் முகத்தில் ஒரு சின்னப் பிரகாசத்தை உண்டாக்கியது. அது வீட்டுக்கு வரும் வரை தாங்கியது.

திங்கட்கிழமை அந்தப் பிரகாசம் மங்கியது. செவ்வாய்க்கிழமை அவர் பேப்பரில் பிழை தேடவில்லை. ஓய்வுபெற்றபின் அவர் கையெழுத்தைக் கேட்டு யாரும் வருவதில்லை. மகள் துபாயிலிருந்து பேசினால் அம்மாவிடம் கொடுங்கள் என்கிறாள். வருடத்தில் ஒரு நாள், எண்ணூறு பேர் பார்க்க, பட்டு அங்கி போட்ட ஒருவர் அவர் முன் மண்டியிட்டுக் காலைத் தொடுவார். இரண்டு மாதம் தினமும் இரண்டு வேளை ஒருத்தி மண்டியிட்டு அதே காலைக் கழுவினாளே என்றால், அது வேறு. அதற்குப் பாடகர் குழு பாடுவதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் டோரீன் காராமணி உரித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"பிளாஸ்டர் எப்ப எடுக்கறாங்க?"

"திங்கக்கிழமை பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி கட்டுவாங்க. இன்னும் ரெண்டு வாரம்தானேங்க."

"எனக்கு வலியே இல்லே டோரீன்."

"வலி இல்லாததுதான் வியாதின்னு சௌம்யா எத்தனை தடவை சொல்லிட்டா."

"இருபத்திரெண்டு வருஷம்."

"கால் அறுபத்தி நாலு வருஷமா இருக்குங்க," என்றாள் டோரீன்.

 உரித்த காராமணியில் ஒன்றை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். சரி, யூட்யூபில் பூசை வருமில்லையா, அதில் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைசியில் சொன்னார். டோரீன் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு நேரமும் இல்லை.

வியாழன் மூன்று மணிக்கு அவள் புறப்பட்டாள். பீடத்துக்குப் பூ வைக்க வேண்டும், அதன்பின் பாடகர் குழுவில் ஒத்திகை, ஆறு மணிக்குப் பூசை. ஹெர்பர்ட்டின் போனில் யூட்யூபைப் போட்டு, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து, பக்கத்தில் மோரும் மாத்திரையும் வைத்துவிட்டுப் போனாள். வெளியே அப்படி ஒரு புழுக்கம். மழை வரும் போல வானம் கனத்து, வராமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பின் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவள் மறுநாள் குளியலறையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கீசர் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தது. பக்கெட்டின் அடியில் மாவு மாதிரி கரைந்த பிளாஸ்டர். சமையலறையிலிருந்த எலெக்ட்ரிக் கெட்டில் குளியலறை ஸ்டூலின் மேல். பிரெட் வெட்டும் கத்தி தரையில். சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறார், பிளாஸ்டர் இளகவில்லை. கீசர் தண்ணீர் விட்டிருக்கிறார். நேரமாகிக்கொண்டிருந்தது. கெட்டிலில் கொதிக்க வைத்து ஊற்றியிருக்கிறார், ஒரு முறை அல்ல. காலை உள்ளேயே வைத்துக்கொண்டு. பிறகு, சாமியார் கழுவப்போகும் கால் அழுக்காக இருக்கக்கூடாது என்று, டெட்டால் விட்டு அதே தண்ணீரில் தேய்த்துக் கழுவியிருக்கிறார். நான்கு வாரம் மூடிக் கிடந்த காலில் அழுக்கு நிறையத்தானே இருந்திருக்கும். டெட்டால் பாட்டில் பாதி காலி.

கழுவிய காலுக்கு வெள்ளை சாக்ஸ், பாலிஷ் போட்ட ஷூ. வாசலில் ஆட்டோ.

ஆறே முக்காலுக்கு, கோயிலின் பக்க அறைக் கதவு திறந்து பன்னிரண்டு பேர் வெறுங்காலோடு வரிசையாக வந்தார்கள். டோரீன் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முதலில் கிளெமென்ட் வருவார் என்று பார்த்தாள். முதலில் வந்தவர் ஹெர்பர்ட். கிளெமென்ட் வெள்ளைச் சட்டையோடு பக்க அறை வாசலிலேயே நின்றுவிட்டார். நாற்காலி என்னுடையது என்று ஹெர்பர்ட் அவரிடம் சொல்லியிருந்தார்.

ஹெர்பர்ட் நிமிர்ந்து நடந்து வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். பேன்ட்டின் வலது காலை ஒழுங்காக இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். டோரீனின் வாய் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. கண் காலில் இருந்தது. இத்தனை தூரத்திலிருந்து நிறம் தெரியவில்லை. வீங்கியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஃபாதர் டிரேவர் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டு கட்டி, மண்டியிட்டார். ஒரு கையால் குதிகாலைத் தாங்கி மறு கையால் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினார். துண்டால் ஒற்றி மெல்ல இழுத்தார். பாதத்தின் மேல்தோல் துண்டோடு கூடவே வந்தது. ஈரமான சாக்ஸைக் கழற்றுகிற மாதிரி, சுருண்டு, விரல் வரை.

ஃபாதரின் கை அப்படியே நின்றது. முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் வரிசை எழுந்து பார்த்தது. கோயிலில் பாதிப் பேருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. தெரியாதவர் ஒருவர்தான். ஹெர்பர்ட் கண்ணைப் பாதி மூடி, கூரையை நோக்கி முகத்தை உயர்த்தி, ராயப்பருக்கே அந்த நேரத்தில் இருந்திருக்காத ஒரு சாந்தத்தோடு உட்கார்ந்திருந்தார்.

என்ன செய்வதென்று எந்தப் பூசைப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. ஃபாதர் துண்டை அந்தக் காலின் மேலேயே விட்டுவிட்டு, வேறு வழி தெரியாமல் இரண்டாவது நாற்காலிக்கு நகர்ந்தார். டோரீன் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடியே படியிறங்கி நடுவழியாக நடந்து வந்து அவர் முன் நின்றாள்.

"எழுந்திருக்காதீங்க," என்றாள்.

"என்னா டோரீன், பூசை நடக்குது."

"காலைக் கீழே வெக்காதீங்க."

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். வலிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை.

"சுடுதண்ணியா?" என்று மட்டும் கேட்டாள்.

"சூடே இல்லே," என்றார் ஹெர்பர்ட். "கையாலே தொட்டுப் பாக்கல."

கிளெமென்ட் வந்து நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்தார். பத்தாவது, பதினோராவது அப்போஸ்தலர்கள் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்தார்கள். நாற்காலியோடு தூக்கி நடுவழியாகக் கொண்டுபோனார்கள். பாட்டு நிற்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் இதுவும் பவனியில் சேர்ந்தது என்று நினைத்து எழுந்து நின்றார்கள். ஒன்றிரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கிளெமென்ட்டின் மூச்சு வாங்கும் சத்தம் டோரீனுக்குக் கேட்டது.

"இன்னா வெயிட்டு மேன் நீ," என்றார் அவர், வாசற்படி இறங்கும்போது. 

ஆஸ்பத்திரியில் பதின்மூன்று நாள் பார்த்தார்கள். வெந்த இடமும் பழைய புண்ணும் ஒன்றாயின. சீழ் கணுக்கால் தாண்டி ஏறியது. விஷயம் கேள்விப்பட்டுச் சௌம்யா டியூட்டி முடிந்து பார்க்க வந்தாள். டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு, எரடே வார ஆண்ட்டி, எரடே வார என்றாள். அவளுக்கு அழும்போது தமிழ் வரவில்லை. இரண்டே வாரம் என்பது டோரீனுக்கும் தெரியும்.

சம்மதப் படிவத்தை ஹெர்பர்ட் முழுதும் படித்தார். பேனாவைத் திறந்தார். முதல் பத்தியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. டோரீன் பார்த்தாள், அவரும் பார்த்தார். திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். வலது கால், முழங்காலுக்குக் கீழே.

வீட்டுக்கு வந்தபின் டோரீன் பழையபடி ஐந்தரைக்கு எழுந்து பேப்பர் விரித்தாள். வெட்டிய இடத்தில் கட்டு மாற்ற வேண்டும். தினமும் இடது பாதத்தையும் கண்ணாடி வைத்து அடியில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது அவர் எதையும் படித்துக் காட்டுவதில்லை. ஒரு நாள், அவள் மண்டியிட்டிருக்கும்போது, உன் முட்டி வலிக்கலையா என்று கேட்டார். வலிக்கிறது என்றாள். ஒரு தலையணையை எடுத்துக் கீழே போட்டார். அதன்பின் தினமும் போட்டார்.

மறு வருடம் பெரிய வியாழனன்று பூசை ரொம்ப நீண்டுபோகிறது என்று ஃபாதர் டிரேவர் பாதம் கழுவும் சடங்கை விட்டுவிட்டார். விதிப்படி அது கட்டாயமில்லையாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.